நல்ல வண்டி என்று சொல்லாதவர்

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் "மாட்டேன்" என்று சொன்னது நாற்பத்து மூன்று முறை. ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாமே என்பார்கள். இருக்காது. எண்ணுவதில் நான் தப்பு விடுகிறவன் இல்லை. எதை எண்ண வேண்டும் என்பதில்தான் விட்டிருக்கிறேன். அதை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

குன்னூருக்கு மேலே ஒரு விடுதிப் பள்ளியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். அவர் அங்கே புல் வெட்டும் ஆறு பெண்களில் மூத்தவர். குள்ளமான உருவம், அகன்ற பாதங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களைப் போலச் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த சாக்குத் துணியைக் கட்டியிருப்பார். அதைப் படங்கு என்பார். சிலோனிலிருந்து திரும்பி வந்த தாய் தகப்பனோடு கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். அந்தத் துணியும் அந்தச் சொல்லும் அங்கிருந்து வந்தவை. பள்ளி கொடுத்த பச்சை ஏப்ரனை அவர் ஒரு நாளும் கட்டவில்லை. என் எண்ணிக்கையில் அது இரண்டாவது "மாட்டேன்".

முதலாவது மழைக்கோட்டுக்காக. தோட்டப் பிரிவுக்குப் பன்னிரண்டு மழைக்கோட்டு வந்திருந்தது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

"இப்ப போட மாட்டேங்க."

பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு சமையலறைக் குழாய்க்குப் போனார். ஒவ்வொன்றாகத் தானே மாட்டிக்கொண்டு குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்து நின்றார். முக்கால் மணி நேரம். நான் பேனாவோடு பக்கத்தில் நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"மூணு ஒழுவுது சார், தோள் தையல்ல. மாத்திக் குடுங்க, அப்புறம் கையெழுத்து."

மாற்றிக் கொடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. மாற்றி வந்த மூன்றையும் மறுபடி குழாய்க்கடியில் கொண்டுபோனார்.

எதையும் நல்லது என்று வாயால் சொல்லிவிட மாட்டார். புதுச் சீருடை எப்படி இருக்கிறது என்று முதல்வரின் மனைவி கேட்டபோது, "இன்னும் குனிஞ்சு பாக்கலைங்க மேடம்" என்றார். புது முதல்வர் எப்படி என்று மற்றப் பெண்கள் கேட்டதற்கு, "ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றார். முதல்வர் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. அதற்காக அந்த அம்மாள் "நான் அப்பவே சொன்னேன்" என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவில்லையே.

இப்படிப்பட்டவரைக் கேட்காமல் ஒரு மெஷின் வாங்கப் பார்த்தோம் நாங்கள்.

பழைய மாணவர் சங்கம், ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெஷின் ஒன்று வாங்கித் தர முன்வந்தது. ஆண்டு விழாவுக்குள் வாங்க வேண்டும், விழாவன்று எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேல் கிடையாது. அதுவரை எங்களிடம் இருந்தவை நான்கு தள்ளு மெஷின்கள். அவற்றில் இரண்டு தள்ளினாலும் நகராது.

தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பதினேழு பத்திகளோடு ஓர் அட்டவணை போட்டேன். என்ஜினின் திறன், வெட்டும் அகலம், டாங்க் எவ்வளவு பிடிக்கும், எத்தனை வருஷ உத்தரவாதம், இப்படி. ஒன்பது கடைகளுக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தின் நான்காம் வரி: "எங்கள் மைதானமும் முன்புல்வெளியும் சமதளம்." அதை யாரும் கேட்கவில்லை. விவரம் முழுமையாக இருக்கட்டுமே என்று நானாகச் சேர்த்தேன்.

ஓட்டப்போகிறவர் அந்த அம்மாள்தான் என்று முடிவாகியிருந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய கணவரிடம் பழகியிருந்ததால், ஆறு பேரில் கிளட்ச் எது, பிரேக் எது என்று அவருக்குத்தான் தெரியும். மரியாதைக்காக அட்டவணையை அவரிடமும் காட்டினேன். பதினேழு பத்திகளையும் விரல் வைத்து வாசித்தார்.

"நான் கேக்க நெனச்ச மூணும் இதுல இல்லீங்களே சார்."

"எந்த மூணு?"

"டிசம்பர் பனியில காலைல ஏழரை மணிக்குச் சாவி போட்டா மொதத் தடவையே கெளம்புமா? பெல்ட்டு அந்து போனா இங்க பஜார்ல கெடைக்குமா, இல்ல கோயம்புத்தூருக்கு பஸ் ஏறணுமா? ஈரப் புல்லுல எறக்கத்துல பிரேக்க மிதிச்சா நிக்குமா?"

"மூணாவது நமக்கெதுக்கும்மா? நம்மளுது சமதளந்தானுங்களே."

அவர் அட்டவணையை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பள்ளியின் நிர்வாகி சென்னையிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவசரக்காரர். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு கடை, முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த சிவப்பு மெஷினை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னது. புத்தம் புதிது. நல்ல அகலம். என் அட்டவணையிலும் பதினேழுக்குப் பதினான்கு வாங்கியிருந்தது. மேடைக்கு முன்னால் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்றார் நிர்வாகி.

மனசு கேட்காமல் பெல்ட் விஷயத்தை மட்டும் விசாரித்துவிடலாம் என்று குன்னூர் பஜாரில் மெஷின் சாமான் விற்கும் பாயிடம் போனேன். படத்தைக் காட்டினேன்.

"இதுக்கு பெல்ட்டாங்க சார்? இந்த வண்டியோட படத்தையே இப்பத்தான் பாக்குறேன்." அவர் தலைக்கு மேல் ஆணியில் மூன்று பெல்ட்டுகள் தொங்கின. "இதெல்லாம் எஸ்டேட் பங்களாக்காரங்க வச்சிருந்த பழைய வண்டிக்குங்க. அதுக்கு எப்ப வந்தாலும் தருவேன்."

அதைத் தாளில் குறித்துக்கொண்டேன். நிர்வாகியிடம் சொல்லவில்லை. பணி ஓய்வுக்கு எனக்கு ஏழு மாதம் பாக்கி இருந்தது.

கடைக்காரரின் ஆள் வேனில் மெஷினோடு வந்தார். பதினொரு மணிக்கு ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாங்க புல்லு வெட்டுறது காலைல ஏழரைக்குங்க. பதினொரு மணி வெயில்ல ஓட்டிக் காட்டுறத வச்சு நான் என்னத்தச் சொல்றது?"

ஜூன் மாதம். வெயில் எங்கே வந்தது? ஆனாலும் அந்த ஆள் ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கி, காலை ஏழரைக்கு இரண்டு ஸ்வெட்டரோடு வந்து நின்றார். இரவெல்லாம் தூறியிருந்தது. ஆறு பெண்களும் முன்புல்வெளியின் மேல்விளிம்பில் வரிசையாக நின்றார்கள். சாவியை நான்கு முறை திருப்பிய பிறகு வண்டி கிளம்பியது. நான்கு என்று குறித்தேன்.

மேலிருந்து கீழே முதல் வரிசை. பாதிவரை அழகாகப் போயிற்று. பாதியில் அந்த ஆள் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன. வண்டி நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தவரோடு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே போய், ஹைட்ராஞ்சியாப் பூப்பாத்தியின் கல்வரிசையில் இடித்து, ஒரு பக்கச் சக்கரம் ஒரு சாண் தூக்கி, மறுபடி தரையில் விழுந்து நின்றது. அந்தக் கல்வரிசை இல்லாவிட்டால் அதற்குக் கீழே எட்டடிச் சுவர், அதற்கும் கீழே சாலை.

ஆள் இறங்கி வந்தார். என்னைத்தான் தேடி வந்தார்.

"ஏனுங்க சார், இதையாங்க சமதளம்னு எழுதியிருந்தீங்க? எங்கூர்ல இதுக்குப் பேரு மலைங்க!"

ஆறு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பொய் எழுதவில்லை. இந்த ஊரில் நடக்கும்போது மூச்சு வாங்காவிட்டால் அது சமதளம். என் அப்பா அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் சொன்னேன். நீலகிரியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

நிர்வாகி விடவில்லை. "ஈரத்துல எதுவும் சறுக்கத்தான் செய்யும். காஞ்சப்புறம் ஓட்டிக்கலாம். நீதானம்மா ஓட்டப்போற, ஒரு வாரத்துல பழகிடும்."

"இந்த ஊருல ஆறு மாசம் புல்லு காயாதுங்க. நான் இதுல ஏற மாட்டேன்."

"ஏறலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"நான் வருவேங்க." அவர் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "அந்த வண்டிதான் வராது."

மறுநாள் ஏழரைக்கு வந்தார். தள்ளு மெஷினைத் தள்ளினார். அதற்கும் மறுநாள் நிர்வாகி ஒரு நோட்டீஸ் தயாரிக்கச் சொன்னார். அந்த அம்மாள் குடியிருந்தது சலவைக்கூடத்துக்குப் பின்னால் பள்ளி கொடுத்த இரண்டு அறை வீட்டில். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். டைப் அடித்தது நான். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவனும் நான்.

வீட்டுக்கு முப்பத்தாறு படிகள் இறங்க வேண்டும். வாசலில் அவருடைய கணவர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். நீட்டிய கால் அவர் எழுந்தாலும் மடங்காது. நான் நீட்டிய தாளை அந்த அம்மாள் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"நீங்களே அடிச்சீங்களா சார்?"

"ஆமாம்மா."

"ஒரு எழுத்துப் பிழை இல்ல."

தாளை என் கையிலேயே திருப்பி வைத்தார். "இத வாங்க மாட்டேங்க."

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. புது வண்டிம்மா. கம்பெனி உத்தரவாதம் இருக்குது. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா வேலையும் மிஞ்சும், ஊடும் மிஞ்சும்."

"இவரு ஓட்டுன டிராக்டரும் புதுசுதாங்க சார்." கணவரைப் பார்க்காமலே சொன்னார். "தோட்டத்துத் துரை மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கைதட்டிக் குடுத்தது. ரெண்டாம் நாளு கவுந்துச்சு. அப்பவும் எல்லாரும் அது நல்ல ரோடுன்னுதான் சொன்னாங்க."

கணவர் அடுத்த பீன்ஸை எடுத்தார், நாரை இழுத்தார்.

நான் படியேறத் திரும்பினேன். அப்போது பின்னாலிருந்து கேட்டார்.

"சார், நீங்க கிரிக்கெட் மாட்ச்சுல ரன்னு எழுதுறவருதான? கெழக்காலப் பக்கம் எத்தன நாலு ரன்னு போவும், மேக்கால எத்தன போவும்?"

பத்தொன்பது வருஷம் பள்ளி ஆட்டங்களுக்கெல்லாம் நான்தான் ரன் குறித்தேன். எந்தப் பக்கம் அடித்தார்கள் என்பதுகூட என் நோட்டில் இருக்கும். அதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று என் மனைவி கேட்பாள். அன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினேன். கிழக்குப் பக்கம் போன நான்குகள் மேற்குப் பக்கம் போனவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கிழக்கே அடிப்பது கைவந்தது என்று நான் அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்து தானாக இறங்கி ஓடியிருக்கிறது.

"ஏனுங்க, எண்ணி முடிச்சாச்சுங்களா? சோறு ஆறுது" என்றாள் மனைவி.

"இல்ல," என்றேன். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது."

காலையில் கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை வாங்கிக்கொண்டு முன்புல்வெளிக்குப் போனேன். குழாயின் ஒரு நுனியைக் கொத்தனார் பிடிக்க, மறுநுனியை நான் பிடித்தேன். மேலிருந்து கீழ்வரை நாற்பது தப்படி. இறக்கம், மூன்று ஆள் உயரம். மைதானம் நூறு தப்படிக்கு ஒன்றரை ஆள். முப்பத்தொரு வருஷம் தினமும் அந்தப் புல்வெளியைத் தாண்டித்தான் அலுவலகம் போயிருக்கிறேன். அலுவலகப் படிகளை எண்ணியிருக்கிறேன், ஜன்னல்களை எண்ணியிருக்கிறேன், சில்வர் ஓக் மரங்களை எண்ணியிருக்கிறேன்.

சோதனை ஓட்டத்தின் அறிக்கையில் என் கையெழுத்து இல்லாமல் சங்கம் பணம் தராது. எழுதினேன்: "சோதனை ஓட்டம் திருப்தியாக இல்லை. நிலம் சமதளம் அல்ல. சமதளம் என்று எழுதியது என் தவறு." அளவுகளைக் கீழே கொடுத்தேன்.

நிர்வாகி படித்துவிட்டுத் தாளைத் தள்ளினார். "இதை மாத்தி எழுதிக் கொண்டு வாங்க."

"மாட்டேன்" என்றேன். முதல் முறை சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. ஒன்று என்றுதான் எண்ண வேண்டும்.

"ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு உங்களுக்கு. ஞாபகம் இருக்கா?"

"ஆறு மாசம் இருபத்தாறு நாளுங்க" என்றேன்.

அறிக்கை சங்கத்துக்குப் போயிற்று. அங்கிருந்தவர்களும் அந்த மைதானத்தில் ஆடியவர்கள்தானே. சிவப்பு வண்டி வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. "அப்படின்னா நீங்களே விழாவுக்குள்ள ஒண்ணைக் கண்டுபிடிங்க. இல்லைன்னா நோட்டீஸ் நோட்டீஸ்தான்" என்றார் நிர்வாகி. பதினெட்டு நாள் இருந்தது.

அந்த அம்மாளுக்கு ஒரு வண்டி தெரிந்திருந்தது. கோத்தகிரிச் சாலையில் பூட்டிக் கிடந்த ஓர் எஸ்டேட் பங்களாவில், தார்ப்பாய்க்கு அடியில், எட்டு வருஷப் பழையது. பச்சைப் பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, பஞ்சு வெளியே வந்திருந்தது. வெட்டும் அகலம் சிவப்பு வண்டியின் முக்கால்பங்குதான். தாழ்ந்து உட்கார்ந்த கனத்த வண்டி, டயர்களில் ஆழமான பட்டை. பாய் கூடவே வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குத்தாங்க என் ஆணியில தொங்குது" என்றார். என் அட்டவணையில் அதற்குப் பதினேழுக்கு ஆறு.

பள்ளிக்குக் கொண்டு வந்த மறுநாள், ஏழரை மணி, தூறல். அந்த அம்மாள் படங்கை இறுக்கிக்கொண்டு ஏறினார். சாவி ஒரே திருப்பு. மேலே போனார், கீழே வந்தார். குறுக்கே ஒரு தடவைகூட ஓட்டவில்லை. சரிவில் ஏறணும், இறங்கணும், குறுக்கே போகக்கூடாது என்று மற்றப் பெண்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஏழாவது வரிசையில், அன்று அந்த ஆள் வழுக்கத் தொடங்கிய அதே இடத்தில், பிரேக்கை மிதித்துப் பூட்டினார். என்ஜினை அணைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் எல்லாரும் கீழே நின்றோம். நிர்வாகியும் குடையோடு நின்றார்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலைங்க. ஒரு டீ குடுத்தனுப்பச் சொல்லுங்க."

டீ வந்தது. சரிவின் நடுவே, தூறலில், கிழிந்த சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரை ஊதி ஊதிக் குடித்தார். அவசரமே இல்லை. பதினோரு நிமிஷம். வண்டி ஓர் அங்குலம் அசையவில்லை. டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தைப் புல்லில் ஊற்றினார்.

"நிக்குதுங்க. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அகலம் குறைவாக இருந்ததால் சிவப்பு வண்டியில் இருபத்தேழு வரிசையில் முடிய வேண்டிய புல்வெளிக்கு இதில் முப்பத்தாறு வரிசை. ஒவ்வொரு வாரமும் ஒன்பது வரிசை அதிகம். அதைப் பற்றி நிர்வாகி கேட்டபோது, "அந்த ஒம்பதும் உசுரோட வீட்டுக்குத் திரும்பி வர்ற வரிசைங்க" என்றார் அந்த அம்மாள்.

விழாவன்று படங்கை அவிழ்த்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அதற்கு என்ன பதில் வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. நோட்டீஸ் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது, யாரும் கேட்கவில்லை. நிர்வாகி மட்டும் நான் ஓய்வு பெறும்வரை எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் கடைசி நாளன்று முன்புல்வெளியில் அவரைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து நின்றார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா, நல்ல வண்டிதானுங்களே?"

"சொல்ல மாட்டேங்க." நாற்பத்து மூன்று. "ஓடிக்கிட்டுல்ல இருக்கு. ஓடி முடியட்டும், அப்புறம் சொல்றேன்."

"நான் எப்படி, அதையாவது சொல்லுங்களேன்."

"நீங்களும் ஓடிக்கிட்டுதான இருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் ஓட்டினார். பிறகு கணவரோடு மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். போன வருஷம் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. என் வீடு பள்ளிக்குக் கீழேதான். இப்போது வேறொரு பெண் ஓட்டுகிறார். ஏழரைக்குச் சத்தம் கேட்கும். எத்தனை திருப்பில் கிளம்புகிறது என்று படுக்கையிலிருந்தே எண்ணுகிறேன். ஒன்று.

போன வாரம் பள்ளி ஆண்டு மலருக்காக என்னிடம் சில வரிகள் கேட்டிருந்தார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த நம்பகமான இயந்திரத்தைப் பற்றி, என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு திருத்தம் செய்து திருப்பி அனுப்பினேன். தேர்ந்தெடுத்தது நான் இல்லை. நம்பகமானது என்று எழுதவும் மாட்டேன்.

வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.